பிடியும் பிணையும்

தோற்றுவாய்

மீன் பிடிக்கிறோம், யானை பிடிக்கிறோம், படமும் பிடிக்கிறோம். இம்மூன்று தொழிலுக்கும் தமிழ் வழக்கு ஒரே வினைச்சொல்லைக் கொடுத்திருக்கிறது. 'ஒளிப்படம் எடுத்தல்' என்று நாம் ஏட்டில் எழுதினாலும், 'நல்லாப் புடிச்சிருக்கான்' என்றே கோவைத் தெருவில் பேசுகிறார்கள். இத்துடன், யானையின் பெண்பாற் பெயரும் பிடி என்பதாகவே அமைந்துவிட்டது. பிடியைப் பிடித்தல் என்பது வெறுஞ் சொல் விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் கன்றோடு நிற்கும் ஒரு தாய் விலங்கை ஒளிப்படக் கருவியின் முன் நிறுத்தும்போது நாம் உண்மையில் செய்வது எத்தொழில் என்ற வினா அவ்விளையாட்டினுள் ஒளிந்திருக்கிறது. அவ்வினாவை ஓரளவு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலரில் கேமராவுக்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் கேட்கக்கூடும். சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன். கட்டுரை சீறாப்புராணத்தில்தான் போய் நிற்கும்.

யானை நாடு

கொங்கு நாட்டார்க்கு யானை அயலான விலங்கன்று. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்துக்குரிய பதிகம், பல்யானைச் செல்கெழு குட்டுவன் உம்பற்காட்டைத் தன் ஆட்சிக்கு உட்படுத்திய செய்தியைக் கூறுகிறது. உம்பல் என்பது யானை. அக்காட்டை இன்றைய ஆனைமலைப் பகுதியோடு பொருத்திக் காண்பர் ஆய்வாளர் பலர். குழி வெட்டி, அதன்மேல் தழை பரப்பி யானையை வீழ்த்தும் முறையைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். அக்குழியைப் பயம்பு என்றனர். அதே குழி முறை ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலும் கோவை மாவட்டக் காடுகளில் கையாளப்பட்டது. பிடிபட்ட யானைகள் பழக்கப்பட்டுத் தேக்குமரம் இழுத்தன. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சறுக்கிவிட்ட இடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. ஆக, 'பிடித்தல்' என்னும் சொல் இம்மலையில் நெடுங்காலம் கயிற்றோடும் குழியோடும் பிணைந்த சொல்லாகவே இருந்துவந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டு ஆனைமலை வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 2007இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. குழிகள் தூர்ந்தன, கேமராக்கள் வந்தன.

நம் முன்னோர் விலங்கின் தாயையும் சேயையும் எத்துணைக் கூர்ந்து நோக்கினர் என்பதற்குத் தொல்காப்பிய மரபியலே சான்று. இளமைப் பெயர் ஒன்பது என வகுத்து, எப்பெயர் எவ்விலங்குக்கு உரியது என்று அந்நூல் வரையறுக்கிறது. யானையின் இளமைக்குக் கன்று என்னும் பெயரும் உண்டு, குழவி என்னும் பெயரும் உண்டு. புலிக்குக் குருளை, ஆட்டுக்கு மறி. பின்வந்த நிகண்டுகள் யானைக்கன்றுக்கு மட்டும் கயந்தலை, போதகம், கயமுனி, துடியடி எனப் பெயர்களை அடுக்குகின்றன. துடி என்னும் சிறுபறை போன்ற அடியுடையது துடியடி. தாயின் நான்கு பெருங்கால்களுக்கிடையே நிற்கும் கன்றின் காலை அருகிருந்து பார்த்தவன் ஒருவனே இப்பெயரைச் சூட்டியிருக்க முடியும். வில்லையும் கேமராவும் இல்லாத காலத்தில் கண்ணாற் பிடித்த படம் அது.

'சஃபாரி' என்று நாம் இன்று வழங்கும் சொல்லின் வரலாறும் சுவையானது. அரபியில் ஸஃபர் என்றால் பயணம். அச்சொல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் சுவாஹிலி மொழியுட் புகுந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் பின்னர் நமக்கும் வந்தது. பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகையை அறிந்த நம் மாணவர்க்கு ஸஃபர் புதிய சொல் அன்று. டாப்சிலிப்பில் வனத்துறை வேனில் ஏறிக் காடு பார்ப்பதும் அச்சொல்லின் பேரப்பிள்ளைதான் என்று வகுப்பில் கூறினால் வியக்கிறார்கள்.

கருவியின் வேட்கை

காட்டு விலங்கைப் படமெடுக்கும் கலை இந்தியாவில் வேட்டையின் நிழலிலிருந்தே புறப்பட்டது. எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் வன அதிகாரி வடநாட்டுக் காடுகளில் புலி வரும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டிவைத்தார். புலியின் கால் அதில் பட்டதும் ஒளி பளிச்சிட்டுப் படம் பதிவாகும். அவ்வாறு இரவில் எடுத்த புலிப் படங்கள் 1925இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தபோது உலகம் வியந்தது. துப்பாக்கியை விடக் கேமராவே மேல் என்று அவர் எழுதியும் வந்தார். கம்பி கட்டி வழிமறிக்கும் உத்தி பொறி வைப்போரிடமிருந்து வந்தது என்பதை மட்டும் நாம் மறக்கலாகாது.

தமிழகத்தில் இக்கலையின் பேராசான் மா. கிருஷ்ணன் (1912–1996). பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் என்பதால் தமிழ்த்துறையினராகிய நமக்கும் அவரிடம் உறவு உண்டு. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறுதி வரை இயற்கை குறித்த பத்தியை எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளுட் பல, சு. தியடோர் பாஸ்கரன் பதிப்பில் 'மழைக்காலமும் குயிலோசையும்' எனும் நூலாக வந்துள்ளன. வண்ணப் படத்தை அவர் நாடவில்லை. கறுப்பு வெள்ளையே அவர் வழி. பல கருவிகளின் உறுப்புகளை ஒட்டுப்போட்டுத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவுக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டிருந்தார். முதுமலையில் பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்து காட்டு யானைகளை நெருங்கிப் படமெடுத்தவர் அவர். அவர் படங்களில் விலங்கைச் சுற்றியுள்ள புல்லும் மரமும் விலங்குக்கு நிகரான இடத்தைப் பெறுகின்றன. முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் இக்காலப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை முதலில் சப்பென்றிருக்கும். எனக்கும் அவ்வாறே இருந்தது. அவற்றின் அருமை விளங்க எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

பிடியையும் கன்றையும் படமாக்குதல் தொழில்நுட்ப அளவிலும் எளிதன்று. யானையின் உடல் கருமை. பிறந்து சில மாதமே ஆன கன்றோ தாயின் வயிற்று நிழலில் நிற்கும். ஒளியளவியை நம்பினால், அது கருமையைச் சாம்பலாக்க முயன்று படத்தை வெளிறச் செய்துவிடும். கன்றின் உயரம் பிறக்கும்போது ஏறத்தாழ மூன்றடி. எடை ஏறக்குறைய 100 கிலோ. ஓராண்டுக்கு உட்பட்ட கன்று தாயின் வயிற்றுக்கு அடியில் நிமிர்ந்தபடியே நடந்து செல்லும். கன்றின் வயதை மதிப்பிட வனத்துறையினர் கொள்ளும் அளவும் அதுவே. ஆளுயரப் புல்லில் கன்று தெரியவே தெரியாது. புல் அசைவதை வைத்து உய்த்துணர வேண்டும். மேலும், பிடி தனியே வருவதில்லை. தாயும் மகளும் சிற்றன்னையருமாகப் பிடிகள் கூடி வாழ்வதே யானைக் குடும்பம். கன்றைச் சூழ்ந்து நான்கைந்து பெருவுடல்கள் நின்றுவிட்டால், படமெடுப்பவனுக்குக் கிடைப்பது கால்களாலாகிய ஒரு வேலியே.

பாலூட்டும் காட்சி மிக அரிது. பிடியின் மார்பு முன்னங்கால்களுக்கு இடையில் உள்ளது. கன்று தன் சிறு துதிக்கையை மேலே மடித்துக்கொண்டு வாயால் பால் அருந்தும். துதிக்கையால் உறிஞ்சும் என்று எண்ணுவோர் கற்றவருள்ளும் இருக்கிறார்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இருபது முதல் இருபத்திரண்டு மாதம் வரை சுமந்து பெற்ற ஒரே கன்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேலும் பாலூட்டுகிறது பிடி. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். ஆகவே பகலிலும் இரவிலும் பெரும்பொழுதை அது மேய்ச்சலிலேயே கழிக்கிறது. பால் கொடுக்கும் பிடிக்கு அது தளராமல் கிடைத்தாக வேண்டும். இக்கணக்கு கட்டுரையின் பிற்பகுதியில் நமக்குத் தேவைப்படும்.

என் படம்

2001ஆம் ஆண்டு நான் முதுகலை மாணவன். சவூதியிலிருந்து திரும்பிய தாய்மாமன் நிக்கான் கேமரா ஒன்றும் 200 மி.மீ. வில்லை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். கெஞ்சிக் கூத்தாடி அதனை வாங்கிக்கொண்டு நண்பர்களுடன் ஆனைமலைக்குச் சென்றேன். சுருளில் இருந்தவை 36 படங்கள். அவற்றுள் இருபதைக் குரங்குக்கும் நண்பர்களுக்கும் செலவழித்தாயிற்று. மாலை வேனில் சென்றபோது, மூங்கிற் புதரோரம் ஒரு பிடியும் கன்றும். முப்பது முழத் தொலைவு இருக்கலாம். பிடி எங்களுக்கு முதுகு காட்டி மேய்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். வழிகாட்டியாக வந்த மலசர் பெரியவர், அசையாமல் இருக்குமாறு கைகாட்டினார்.

முதுகைப் படமெடுத்து என்ன செய்வது? பிடி திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. ஒளியோ மங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் பக்கத் தகட்டை விரலால் இருமுறை தட்டினேன். மறுகணம் அவ்வுடல் முழுதும் ஒரே சுழற்சியில் எங்களை நோக்கித் திரும்பியது. காதுகள் இரண்டும் முறம் போல் விரிந்தன; துதிக்கை உயர்ந்தது; கன்று வயிற்றின் கீழ்ப் புகுந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். "தட்டாதீங்க கண்ணு," என்று மட்டும் சொன்னார் பெரியவர். ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பிடி எங்களைத் துரத்தவில்லை. புதருள் மறைந்துவிட்டது. மேய்ந்துகொண்டிருந்த மூங்கிலில் பாதி ஒடிந்து தொங்கியது இன்றும் நினைவில் நிற்கிறது.

படம் அபாரமாக வந்திருந்தது. அதில் ஐயமில்லை. மாலை வெயில் காது மடலின் ஓரத்தில் பட்டு, அதன் கிழிசல்கள்கூடத் தெரிந்தன. பெரிதாக்கிச் சட்டமிட்டேன். உயிருள்ளவற்றின் உருவம் தொழுமிடத்தில் ஆகாது என்று அத்தா சொல்லிவிட்டதால், திண்ணைச் சுவரில் மாட்டினேன். வந்தவரெல்லாம் "என்ன கம்பீரம்!" என்றார்கள். ஒரு பெருநாளன்று உடுமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நன்னிமா வந்திருந்தார். பள்ளிக்கூடம் அறியாதவர், வாழ்நாள் முழுதும் ஆடு வளர்த்தவர். படத்தின் முன் சற்று நேரம் நின்றார்.

"பெத்தவ மெரண்டு நிக்கறாளே கண்ணு. என்ன பண்ணுனீங்க அவள?"

எனக்கு விடை சொல்ல இயலவில்லை. ஈன்ற ஆட்டின் முன் நாய் வந்து நின்றால் ஆட்டின் முகம் எப்படி இருக்கும் என்பதை அறிந்த கண் அவருடையது. கம்பீரம் என்று நாங்கள் கண்டதை அவர் அச்சம் என்று கண்டார். பின்னாளில் யானை குறித்த நூல்களைப் பயின்றபோதுதான், விரிந்த காதும் உயர்ந்த துதிக்கையும் எதிரியை அளந்தறியவும் அச்சுறுத்தவும் யானை காட்டும் குறிகள் என்பதைத் தெரிந்துகொண்டேன். அமைதியாக இருக்கும் பிடி காதை விசிறிக்கொண்டேயிருக்கும், விரித்தபடி நிறுத்திவைக்காது. தாங்கள் பாராட்டும் யானைப் படங்களுட் பல தாயின் கலக்கத்தையே பதிவு செய்தவை என்பதைப் பார்ப்போர் அறிவதில்லை. எடுத்தவரோ அறிந்தும் சொல்வதில்லை. இரண்டாம் வகையினருள் நானும் ஒருவனாக நெடுநாள் இருந்தேன்.

பிணை

ஆண்டுதோறும் இளங்கலை வகுப்பில் சீறாப்புராணம் நடத்துகையில், 'மானுக்குப் பிணை நின்ற படலம்' வரும்போதெல்லாம் அத்திண்ணைப் படம் என் முன் வந்து நிற்கிறது. உமறுப்புலவர் பதினேழாம் நூற்றாண்டில் இயற்றிய இக்காப்பியத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் அமைந்தது இப்படலம். கதையை அறியாதவர் இக்கல்லூரியில் அரிது. வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறான். அவ்வழி வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் மான் முறையிடுகிறது. அதற்கு ஓர் இளங்கன்று உண்டு. அது பாலின்றி வாடுகிறது. சென்று பாலூட்டிவிட்டுத் திரும்பி வருவதாக மான் வாக்களிக்க, அதற்காக நாயகமே வேடனிடம் பிணை நிற்கிறார். மான் சொன்ன சொல் தவறாமல் மீள்கிறது. கன்றும் உடன் வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

பெண்மானுக்குத் தமிழில் பிணை என்று பெயர். ஈடாக நிற்றலும் பிணையே, கட்டுதலும் பிணித்தலே. பிணை, பிணைக்கப்பட்டுக் கிடக்க, பிணைக்காகப் பிணை நிற்கிறார் பெருமானார். அரபு மரபுக் கதையைத் தமிழாக்கிய உமறுப்புலவருக்குத் தமிழே இச்சொல்லை எடுத்து நீட்டியது என்று கூறத் தோன்றுகிறது.

ஒருமுறை வகுப்பில் மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, வேடன் கட்டிவைத்தான்; கொல்லவும் எண்ணினான். கேமராக்காரர் கட்டவும் இல்லை, கொல்லவும் இல்லை. பார்த்தார், எடுத்தார், போனார். இரண்டையும் ஒப்பிடுவது முறையா?" என்றார். நேர்மையான வினா. தட்டிக்கழிக்க முடியவில்லை. படலத்தை மீண்டும் எடுத்துப் படித்தோம். மான் தன் உயிருக்காக மன்றாடவில்லை என்பது அப்போதுதான் எங்கள் கருத்தில் தைத்தது. அது கேட்டது பொழுது. பால் கொடுக்கும் அளவுக்குச் சிறிது பொழுது. வேடன் மானிடமிருந்து முதலில் கவர்ந்தது உயிரை அன்று, கன்றுக்குரிய நேரத்தை. அதைக் கவர வேடனாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வண்டி பத்து நிமிடம் நின்றால் பிடியின் மேய்ச்சல் பத்து நிமிடம் தடைபடும். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு விரல் தகட்டைத் தட்டினால், அந்தக் கன்றுக்கு எஞ்சும் பகல் எவ்வளவு? முன்னர்க் கூறிய தீனிக் கணக்கை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அம்மாணவர் முழுதும் ஒப்பினார் என்று சொல்ல மாட்டேன். "அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தார்.

அதற்கு விடையாக நான் கூறியது அபூதாவூத் தொகுப்பில் உள்ள மற்றொரு செய்தி. அதுவும் ஒரு ஸஃபரில் நிகழ்ந்தது. தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகள் இரண்டை எடுத்துவிடுகின்றனர். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவிக்கிறது. அதனைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்), அதன் குஞ்சுகளைக் கொண்டு அதனைத் துயருறுத்தியவர் யார் எனக் கேட்டு, குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு பணிக்கிறார். அங்கே தோழர்கள் குஞ்சுகளுக்குத் தீங்கு செய்ததாகச் செய்தி இல்லை. தாய் கலங்கியது, அதுவே போதிய காரணமாயிற்று. பறவையின் கூட்டருகே மறைவிடம் அமைத்துப் படமெடுக்கும் வழக்கம் முன்பு பெருமைக்குரியதாக இருந்தது. கிளைகளை விலக்கிக் கட்டுவர். பருந்தும் காகமும் கூட்டைக் கண்டுகொள்ளும். சில வேளை தாய் முட்டையைக் கைவிட்டுப் போய்விடும். இன்று ஒளிப்படப் போட்டிகள் பல கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. படமே வேண்டா என்பதன்று. தாய் கலங்கிய படம் வேண்டா என்பதே அதன் பொருள்.

சட்டமும் மலையும்

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்கு வகுத்த பொருளை நம் மாணவர் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். கொல்லுதல், பொறி வைத்தல், கண்ணி வைத்தல் ஆகியவற்றோடு விலங்கைத் துரத்துதலும் இரை காட்டி ஈர்த்தலும் அச்சொல்லினுள் அடங்கும்; அவற்றுக்கான முயற்சியும் அடங்கும். படத்துக்காக வண்டியை விரட்டிக்கொண்டு கன்றின் பின்னே செல்பவன், சட்டத்தின் கண்ணில் கேமராக்காரன் அல்லன். சரணாலயத்தினுள் ஒளிப்படம் எடுக்க இசைவு வழங்கும் 28ஆம் பிரிவு 2022இல் திருத்தப்பட்டபோது, வாழிடத்தை மாற்றாமலும் அதற்கோ விலங்குக்கோ தீங்கு விளைக்காமலும் என்னும் நிபந்தனை சேர்க்கப்பட்டது. சட்டம் உமறுப்புலவரை நோக்கி மெல்ல நடந்து வருகிறது.

நம் பக்கத்து மலையிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. மூணாறு இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடுகள் மறி ஈனும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் திங்கள்களையொட்டி, ஆண்டுதோறும் பார்வையாளர்க்கு மூடிவிடுகிறார்கள். மறிகளைக் காண அதைவிட நல்ல காலம் இல்லை, அக்காரணத்தினாலேயே மூடுகிறார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் கொண்டையூசி வளைவுகளிலோ அதே வரையாடு சாலைச் சுவரின்மேல் நிற்கிறது. கைப்பேசியை நீட்டாதார் இலர். புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் சாலையைக் கடக்கின்றன. மார்பில் குட்டியைக் கவ்விக்கொண்ட மந்தியைப் படமெடுக்க ஒருவர் பிஸ்கட் எறிவார். அது சாலைக்கு இறங்கும். எதிரே பேருந்து வரும். இதனைத் தடுக்கவே அங்கே காவலர்களை நிறுத்தியும் மரத்துக்கு மரம் பாலம் கட்டியும் இயற்கை ஆர்வலரும் வனத்துறையும் உழைத்துவருகின்றனர்.

இரு படங்கள்

கலக்கமின்றி எடுக்கப்பட்ட படம் எவ்வாறிருக்கும் என்பதற்கும் ஆனைமலையே விடை தந்தது. 2023 டிசம்பர் இறுதியில் மானாம்பள்ளி வனச்சரகத்தைச் சார்ந்த பன்னிமேடு தேயிலைத் தோட்டப் பகுதியில், கூட்டத்தைப் பிரிந்த கன்றொன்று தனியே அலைந்தது. வனத்துறையினர் அதனைக் கண்டு, மனித வாடை நீங்குமாறு குளிப்பாட்டி, டிரோன் கொண்டு கூட்டம் நின்ற இடத்தைத் தேடியறிந்து, தாயுடன் சேர்த்தனர். மனித வாடை வீசினால் கூட்டம் ஏற்க மறுக்கலாம் என்பதால் அத்தனை எச்சரிக்கை. சேர்த்தபின் அவர்கள் திரும்பிவிடவில்லை, தொலைவிலிருந்து கண்காணித்தனர். அப்போது களப்பணியாளர் எடுத்த படமொன்றை 2024 ஜனவரித் தொடக்கத்தில் வனத்துறைச் செயலர் சுப்ரியா சாகு வெளியிட்டார். நண்பகலில் தாய் படுத்திருக்க, அதன் அணைப்பில் கன்று உறங்குகிறது. அவ்வளவே. தாயின் முகம் கேமராவை நோக்கவில்லை. காது விரியவில்லை. படம் எடுக்கப்பட்டதை அவ்விரண்டு உயிரும் அறியவே இல்லை. அப்படம் நாடெங்கும் பரவியது. இடத்தைத் துல்லியமாகக் கூறாமல், காப்பகத்துள் ஓரிடம் என்ற அளவோடு நிறுத்தியதை நான் பெரிதாக மதிக்கிறேன். இடம் தெரிந்திருந்தால் மறுநாளே ஜீப்புகள் புறப்பட்டிருக்கும்.

அதே ஆண்டு மே இறுதியில் கோவை மருதமலை அடிவாரத்தில் மற்றொரு பிடி நோயுற்று வீழ்ந்தது. அதன் இளங்கன்று பக்கத்தில் நின்று தாயை எழுப்ப முயன்றது. அந்தப் படத்தையும் நாம் அனைவரும் நாளிதழ்களில் பார்த்தோம். கிரேன் கொண்டு தாங்கி நிறுத்தி, நாட்கணக்கில் மருத்துவம் செய்ததில் பிடி தேறி, ஜூன் முதல் வாரத்தில் காடேகிற்று. கன்றின் கதை அவ்வாறு முடியவில்லை. இடையில் அது வேறொரு கூட்டத்தோடு சென்றுவிட்டது. பின்னர்த் தனியே திரிந்தது. தாயுடனும் கூட்டத்துடனும் சேர்க்க எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. இறுதியில் முதுமலைத் தெப்பக்காடு முகாமுக்கு அதனைக் கொண்டுசென்றனர். தாயிழந்த கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிக் கார்த்திகி கோன்சால்வ்ஸ் எடுத்த ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் பெற்றபோது நாம் கேள்விப்பட்ட அதே முகாம்தான். ஒரு படத்தில் உறங்கிய கன்று காட்டில் வளர்கிறது. மற்றொரு படத்தில் நின்ற கன்று முகாமில் வளர வேண்டியதாயிற்று. முதற்படத்தைப் பகிர்ந்த கைகளே இரண்டாவதையும் பகிர்ந்தன. மலையடிவாரம் வரை கட்டடம் எழுப்பிக்கொண்டே போகும் நம் ஊரைப் பற்றி அந்த இரண்டாவது படம் சொல்வதைப் படித்தவர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

நன்னிமா மறைந்து ஆண்டுகள் பலவாயின. திண்ணைப் படத்தை நான் எறிந்துவிடவில்லை. ஆண்டுக்கொரு முறை, மானுக்குப் பிணை நின்ற படலம் நடத்தும் நாளில், அதனை வகுப்புக்கு எடுத்துச் சென்று மேசைமேல் நிறுத்துவேன். எடுத்தவர் யார் என்று கூறுவதில்லை. இப்படத்தில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்பேன். கம்பீரம், சினம், தாய்மை, வீரம் என்று விடைகள் வரும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே போவேன். சென்ற ஆண்டு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவர். வகுப்பில் வாய் திறக்காதவர்.

"அது நம்மளப் பாக்கலீங்க ஐயா. சத்தம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்குது. யாரோ தட்டியிருக்காங்க," என்றார்.